கட்டம் போட்ட ஏழு விக்கி

முடிவே எடுக்காமல் ஒரு மனுஷனால் நாற்பது வயதுவரை நன்றாக வாழ முடியும் என்று நிரூபித்தவர், எனக்குத் தெரிந்து, கட்டம் ஒருத்தர்தான்.

வல்லத்துக்காரர். பக்கத்திலேயே ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. நிஜப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எதற்கும் ஒரு தாளில் கட்டம் போட்டு மார்க் கொடுப்பார், அதனால் கட்டம். ஒருநாள் தெரியாத்தனமாக, "எந்த மெஸ்ஸுண்ணே நல்லா இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். சாம்பார், சட்னி, தூரம், கல்லாவில் இருப்பவர் முகம் என்று எட்டு வரிசை. கூட்டி முடிப்பதற்குள் மூன்று மெஸ்ஸும் மூடியாயிற்று. பன் தின்றோம்.

அவரிடம் போய் விக்கி தேர்ந்தெடுக்கிற வேலையைக் கொடுத்தோம்.

கதை இதுதான். மண்ணூரில் என் அறைத்தோழன் முருகேசன், தூத்துக்குடிப் பையன், யாருக்கு எந்த ஷிப்ட், எந்த பஸ் என்று பட்டியல் போடும் மென்பொருள் ஒன்று எழுதினான். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இலவசமாக வெளியிட்டோம். எங்கெங்கிருந்தோ எடுத்தார்கள். எடுத்த கையோடு, "இதை எப்படிங்க ஓட்டுறது?" என்று மெயில் போட்டார்கள். பதில் முழுக்க முருகேசன் தலைக்குள். அவனுக்கோ மாசக் கடைசியில் புனேவுக்கு மாற்றல். அதற்குள் எழுதி வைக்காவிட்டால் மென்பொருள் அநாதை.

இணையத்தில் விக்கி என்று ஒன்று இருக்கிறது, அதில் எழுதலாம் என்றான். எனக்கு விக்கி என்றால் என்னவென்றே தெரியாது.

"யாரு வேணா எழுதலாம், யாரு வேணா அழிக்கலாம்" என்றார் கட்டம்.

"பஸ் ஸ்டாண்டு சுவர் மாதிரியாண்ணே?"

"சொவுத்துல அழிச்சா போச்சு. இதுல அழிச்சதுகூட உள்ள கீது."

இன்னும் குழம்பினேன். அவர் ஏழு விக்கி மென்பொருளை இறக்கி, ஏழையும் ஓடவிட்டு, கட்டம் போட்டார்.

"இது டேட்டாபேஸ் கேக்குது. இது கேக்கல."

"கேக்காதது நல்லதா, கெட்டதா?"

"அதுக்குத்தான் தனியா ஒரு கட்டம் போட்டுக்கினு கீறேன்."

தினமும் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் முருகேசனிடம் ஏதாவது கேட்பார், குறித்துக்கொள்வார். ஒரு மாசம் போயிற்று. நாளைக்கு முருகேசனுக்குப் பஸ்.

"எந்த விக்கிண்ணே?" என்றான் முருகேசன்.

"ரெண்டு சமமா கீதுபா."

"அப்ப காசைச் சுண்டிப் போடுங்க."

"ஒரு ரூபாயா, ரெண்டு ரூபாயா?"

முருகேசன் சிரிக்கவில்லை. "விடுங்கண்ணே. நான் போனதும் அது செத்துரும், அவ்வளவுதான்" என்று பெட்டி கட்டப் போனான்.

எனக்குக் கோபம். ஒரு மாசமாக என்னத்தைக் கிழித்தார் பார்க்கலாம் என்று முதல் விக்கியைத் திறந்தேன். நிறுவும் முறை, வரிக்கு வரி. இரண்டாவதில் ஷிப்ட் மாற்றும் முறை. மூன்றாவதில் பஸ் பட்டியல். ஏழாவது வரை ஒன்றும் பாக்கியில்லை.

"என்னண்ணே இது?"

"சோதிச்சுப் பாக்க வேணாமா? சும்மா அ, ஆன்னு அடிச்சா இன்னா தெரியும்? தம்பி டீக்கடைல சொன்னதை அடிச்சேன்."

முருகேசன் வந்து ஏழையும் படித்தான். "திருத்த ஒண்ணுமில்லண்ணே" என்றான்.

கட்டம் முகம் வாடிவிட்டது. "அப்போ எதுவும் செலக்ட் ஆவலியா?"

ஆகவில்லை. ஏழையும் அப்படியே விட்டுவிட்டு, எது எந்த விக்கியில் இருக்கிறது என்று சொல்ல அவருடைய கட்டத்தையே முதல் பக்கமாகப் போட்டோம். ஏன் ஏழு என்று இன்றைக்கும் மெயில் வருகிறது.

புனே பஸ்ஸையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார், ஒரே நிமிஷத்தில். ஏறிப் பார்த்தால் சீட் சாயவில்லை, ஜன்னல் மூடவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் போனபிறகு அவர் சட்டைப்பையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். நாலு பஸ், ஒரே வரிசை: கிளம்பும் நேரம்.

இருப்பதிலேயே கடைசியாகக் கிளம்பும் பஸ்ஸுக்கு முழு மார்க் போட்டிருந்தார்.