எலிப் பெரட்டு

காலைப் பெரட்டில் பதினேழைக் காணவில்லை.

ஜீவராணி மறுபடியும் எண்ணினாள். பதினாறு இருந்தது. பதினெட்டு இருந்தது. நடுப்பெட்டியில் மரத்தூளும் பாதி கடித்த தீனியும் மட்டும் கிடந்தன. சற்றுமுன் தீனி வைக்கும்போது கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறதே என்று ஓடியவள், மூடியைச் சரியாக அழுத்தவில்லை. அந்த ஒரு விரற்கடை இடைவெளி எலிக்குப் போதாதா?

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்து எடுத்தவள் அவள். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் பெரட்டு பழகிப்போனதால், நானுஓயா ஆய்வுக்கூடத்தில் எலி பார்க்கும் வேலைக்கு வந்த பிறகும் நாற்பது வெள்ளெலிகளுக்கும் தினம் பெரட்டு வைப்பாள். எலிகள் ஆட்சேபித்ததில்லை. ஆறு மாதத் தவணை திங்கட்கிழமை முடிகிறது. வேலை நிரந்தரமானால் சரி, இல்லையென்றால் திரும்பவும் மலை, மழை, அட்டைக்கடி.

அதிலும் பதினேழு லேசுப்பட்ட எலியில்லை. ஆராய்ச்சி செய்யும் டிலுக்ஷி மிஸ் அதன் மார்பில், வெளியே தெரியாத கடுகளவில், புற்றுநோய்க் கட்டி வளர்த்திருந்தார். முந்தாநாள் வியாழக்கிழமை வால் நரம்பில் ஊசியும் போட்டார்.

"உடம்புக்குள்ள நோயை எதிர்க்கிற காவக்காரங்க இருக்காங்க அக்கா. அவங்களுக்குப் பச்சைச் சாயம் பூசி அனுப்பியிருக்கேன். கட்டிக்குள்ள போறாங்களா, வெளியவே நிக்கிறாங்களான்னு பாக்கணும்" என்று மிஸ் விளக்கியிருந்தார்.

ஜீவராணிக்கு அது சட்டென்று புரிந்தது. ஸ்டோர் உடைபடும்போது எந்தக் காவக்காரன் உள்ளே போயிருக்கிறான்?

அவள் குடியிருக்கும் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுக்கும் அதே நோய்தான். மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போய்ப் படுத்திருக்கிறாள். "ஒன் எலிக்கு இன்னைக்கு எப்பிடி இருக்கு?" என்று தினமும் கேட்பாள்.

ஜீவராணி வாசலுக்கு ஓடினாள். அங்கே காவலாளி சின்னராசா டீ குடித்துக்கொண்டிருந்தார். நேற்றுப் பௌர்ணமி, போயா லீவு. அவள் வராததால் எலிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

"அண்ணே, பதினேழு ஓடிருச்சு."

"எந்தப் பதினேழு?"

"நம்மகிட்ட எத்தன பதினேழு இருக்கு? மிஸ் ஊசி போட்டது."

சின்னராசா இன்னொரு வாய் குடித்தார். "அதுவா. போனாப் போகுது, விடு தங்கச்சி."

அந்த நிதானம் அவளை இன்னும் பயமுறுத்தியது. கையைப் பிடிக்காத குறையாக அவரை உள்ளே இழுத்து வந்தாள். கருவாட்டுத் துண்டு வைத்துப் பொறி வைத்தார்கள். கால் மணியில் பொறி அடித்தது. ஆசையாகப் போய்ப் பார்த்தால், உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரு சாம்பல் நிற வீட்டெலி.

வெளி எலியின் மூச்சுக்காற்றுகூட அந்த அறையில் படக்கூடாது என்பது மிஸ்ஸின் கட்டளை. இப்போது மூச்சென்ன, எலியே வந்துவிட்டது. சின்னராசா பொறியோடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜீவராணி தரையைத் துடைத்தாள். பயத்தில் சுவரையும் துடைத்தாள்.

"இப்ப என்னண்ணே செய்றது?"

"தோட்டத்துல மாமியாருக்கு முடியலன்னா என்ன செய்வோம்?"

"மாமியா பேருல மருமக கொழுந்துக்குப் போவா."

"அப்பறமென்ன? முப்பத்தொண்ண எடுத்துப் பதினேழு பேருல போடு. நல்ல எலி அது."

முப்பத்தொன்று சும்மா ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த எலி. அதற்குக் கட்டியும் இல்லை, ஊசியும் இல்லை. வேறு வழியும் இல்லை. வாலில் பேனையால் எழுதியிருந்த நம்பரை ஸ்பிரிட்டால் அழித்து, பதினேழு என்று எழுதினாள். அது அவள் விரலை நறுக்கென்று கடித்தது; துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள்.

இப்போது முப்பத்தொன்றின் பெட்டி காலி. அதில் முப்பத்திரண்டைப் போட்டு நம்பரை மாற்றினாள். முப்பத்திரண்டின் பெட்டியில் முப்பத்துமூன்று. இப்படியே ஒன்பது வாலை அழித்து ஒன்பது வாலில் எழுதி முடித்தபோது ஸ்பிரிட் போத்தல் தீர்ந்திருந்தது. மிஞ்சிய நாற்பதாம் பெட்டியைத் தீனி மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள். அப்போது டிலுக்ஷி மிஸ்ஸின் வேன் வந்து நின்றது.

"திங்கக்கிழம பெரிய ஆளுங்க வர்றாங்க அக்கா. இன்னைக்கே ஒருக்காப் பாத்துருவோம். பதினேழக் கொண்டாங்க. விரல்ல என்ன?"

"கறிக்குக் கோவா வெட்டினேன் மிஸ்."

மிஸ் எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, உள்ளுடம்பைத் திரையில் காட்டும் கருவிக்கு அடியில் படுக்க வைத்தார். திரை வெறும் இருட்டாகத்தான் இருக்கும், அத்தோடு நம் கதையும் முடியும் என்று பயந்து ஜீவராணி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

திரையில் சிவப்பாக ஒரு கட்டி தெரிந்தது. அதைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து புள்ளிகள் சிவப்புக்குள் நுழைந்தன.

"உள்ள போறாங்க அக்கா" என்றார் மிஸ். அவர் கண் கலங்கியிருந்தது. "காவக்காரங்க உள்ள போறாங்க."

ஜீவராணி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். கட்டியே இல்லாத எலிக்குள் கட்டி. ஊசியே போடாத எலிக்குள் பச்சை. ஓடிப்போன பதினேழு எங்கேயோ செத்து, அதன் ஆவி இதற்குள் இறங்கிவிட்டதா? இந்த எலிதானே அவளைக் கடித்தது? துணிக்கட்டை மெல்ல விலக்கித் தன் விரல் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

மிஸ் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். ஜீவராணிக்கு அம்மாக்கண்ணுவின் முகம் வந்தது. நாளைக்கு இந்தக் கணக்கை நம்பி ஒரு மருந்து செய்து, அதை அவளுக்கே ஏற்றினால்? மலைக்குத் திரும்பிப் போகலாம். அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"எழுதாதீங்க மிஸ். அது பதினேழு இல்ல. பதினேழு காலையில ஓடிருச்சு. இது முப்பத்தொண்ணு. நான்தான் வால அழிச்சு எழுதினேன். இப்ப முப்பத்தொண்ணா இருக்கறது முப்பத்திரண்டு. முப்பத்திரண்டா இருக்கறது..."

அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

மிஸ்ஸின் பேனை நின்றது. அவர் திரையைப் பார்த்தார், எலியைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"முப்பத்தொண்ணுக்கு நான் ஒண்ணுமே போடலியே அக்கா. அப்ப இதுக்குள்ள பச்சை எப்பிடி வந்துச்சு?"

கதவோரம் நின்றிருந்த சின்னராசா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மிஸ், நேத்து அந்தப் பதினேழு ஊசி போட்ட அசதியில சுருண்டு கெடந்துச்சு. பாவமா இருந்துச்சுன்னு வால் நம்பரையும் மாத்தி எழுதி, அத முப்பத்தொண்ணு பேருல படுக்க வச்சுட்டு, முப்பத்தொண்ணப் பதினேழு பேருல வேலைக்குப் போட்டது நான்தான்."