நேசையா வாத்தியாரின் சாட்சி

“குரைக்கலே, பார்த்தியாட்டி! காலை நக்குது!”

நேசையா வாத்தியார் வாசற்படியை அடைத்து நின்று கத்தினார். கீழே அவர் மைத்துனன் வேதமுத்து. மூன்று வாரத்துக்கு முன் வாத்தியார் வாங்கி வந்த நாய் கறுப்பன், பழைய சிநேகிதனைக் கண்டதுபோல அவனைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கிறிஸ்தவர்கள் கறியும் மீனும் தொடக்கூடாத தபசு காலம். பாளையங்கோட்டையிலேயே தன் வீட்டில் மட்டும் கருவாடு மணப்பதாக வாத்தியாருக்குச் சந்தேகம். தான் பள்ளிக்கூடம் போனதும் வேதமுத்து வருகிறான், ஹெப்சிபா தம்பிக்குப் பொரித்துப் போடுகிறாள். அதைப் பிடிக்கத்தான் நாய். குரைத்தால் அவன் அந்நியன். குரைக்காவிட்டால் தினம் வருகிறவன். இனி இந்த வாசலை மிதிக்கவே கூடாது. தீர்ப்பு நேற்றே சொல்லியாகிவிட்டது.

“நாய் பொய் சொல்லாது. ஆதி மனுஷன் தீ மூட்டி உட்கார்ந்த நாளிலேயே பக்கத்துல வந்து காவல் படுத்த ஜீவன்.”

“சும்மாவா படுத்துச்சு? எலும்பு போட்டிருப்பான்,” என்றாள் ஹெப்சிபா.

“எதுக்கோ படுத்துச்சு. அது சாட்சியை ஒத்துக்கிடுதியா?”

“ஒத்துக்கிடுதேன். தம்பி தினம்தான் வாரான். கருவாடும் பொரிச்சேன்.”

வாத்தியார் திரும்பி அவளைப் பார்த்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் எதையும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்லை.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?” என்றாள்.

“பின்னே?”

படலைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் தூக்குச்சட்டி. மேலப்பாளையத்தில் ஆட்டுக்கால் பாயா விற்கும் பீர் மைதீன். கறுப்பன் ஒரே பாய்ச்சலில் அவர் முன்னால் போய் மல்லாந்து விழுந்து நாலு காலையும் தூக்கியது.

“எட்ட நில்லுலே, கைலியைத் தொடாதே! எலும்பு கடையிலல்லா இருக்கு. சாயங்காலம் வாத்தியாரோட வா,” என்றார் பீர் மைதீன். பிறகு ஹெப்சிபாவிடம், “பண்டிகைக்குப் பாயா வேணும்னு சொல்லி விட்டிருந்தீகளே தாயி, ருசி பார்க்கக் கொண்டாந்தேன்.”

ஹெப்சிபா புருஷனைப் பார்த்தாள். “இவரை முன்னப்பின்னே தெரியுமா?”

“சாயங்காலம் ஜெபம் பண்ணிக்கிட்டே நடக்கையில...”

“மேலப்பாளையம் வரைக்குமா? வாயைத் தொடைச்சுக்கிட்டு வர உங்களுக்குத் தெரியுது. கறுப்பனுக்குத் தெரியலையே.”

வேதமுத்து சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் வாத்தியார் ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

“உள்ள வாலே, சோறு ஆறுது,” என்றாள் ஹெப்சிபா தம்பியிடம்.

வாத்தியார் படியில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.