பத்துக் குட்டி சேர்ந்தால்தான் குப்பி

ஒரு காட்டில், நரி சொல்வதும் மற்றவை நம்புவதும் வழக்கமாக இருந்த காலத்தில், செவந்தி என்றொரு முள்ளம்பன்றி நர்சாக இருந்தாள். ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் செம்புள்ளிக் காய்ச்சல் கிளம்பிவிட்டது. அது இக்கரைக்கு வருவதற்குள் குட்டிகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்று, புங்கமரத்தடியில் ஐஸ் பெட்டியோடு மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள். வந்தது ஒரு ஈ. அதுவும் நிழலுக்கு.

ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களிடம் அவள் ஒளிக்காமல்தான் சொல்லியிருந்தாள். கைகால் ஒடித்த திருடனை உடம்புக்குள் விடுகிறோம். உள்ளே இருக்கும் காவல்காரர்கள் அவனை அடித்துப் பழகி, முகத்தையும் மனசில் வைத்துக்கொள்வார்கள். எத்தனை வருஷம் கழித்து நிஜத் திருடன் வந்தாலும் வாசலிலேயே மடக்கிவிடுவார்கள் என்று. வையாபுரி நரியார் இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு காடு முழுக்கச் சுற்றினார். நர்சம்மா திருடனை வீட்டுக்குள் விடுகிறாளாம் என்றார். பேச்சு எடுபட்டது.

நான்காம் நாள் உச்சிவெயிலில் அதே நரியார், குட்டியை வாலுக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றார். அக்கரையில் மச்சான் வீட்டுக் குட்டி மேலெல்லாம் சிவந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"சிஸ்டர், இவனுக்கு மட்டும் ஒண்ணு போட்டு விடுங்க. வெளியில தெரிய வேண்டாம்."

"போடலாம்ணே. ஆனா ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து. திறந்துட்டா கொஞ்ச நேரத்துல கெட்டுப்போயிடும். பத்துக் குட்டி சேராமத் திறக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

"ஒன்பது குட்டிக்கு நான் எங்க போவேன்?"

"காடே உங்க பேச்சைத்தானே கேக்குது," என்றாள் செவந்தி, பஞ்சை உருட்டியபடி.

நரியார் யோசித்தார். ஊசி நல்லது என்று இனிமேல் சொன்னால் மானம் போய்விடும். ஆகவே மான் வீட்டுக்குப் போய், தாய்மான் அஞ்சலையின் காதோடு காதாக, இது சிங்கராஜா வீட்டுக் குட்டிகளுக்கென்று ஒதுக்கிய ஊசி, மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, உன் முகத்துக்காகச் சொல்கிறேன், யாரிடமும் மூச்சு விடாதே என்றார். இப்படியே ஒன்பது வீட்டிலும். ஒன்பது தாய்மாரும் வாக்குத் தவறவில்லை. ஆளுக்கு ஒருத்தியிடம்தான் சொன்னார்கள்.

பொழுது சாய்வதற்குள் புங்கமரத்தடியில் தள்ளுமுள்ளு. திருடனுக்குப் பயந்து மூன்று நாளாகக் கதவைச் சாத்தியிருந்த முயல், கல்லைப் போட்டு வரிசையில் இடம் பிடித்துவிட்டு, சிபாரிசு இல்லாததெல்லாம் முன்னால் நிற்கிறதே என்று யானையை இடித்தது. செவந்தி இரண்டு குப்பிகளைத் திறந்து இருபது குட்டிகளுக்கும் போட்டு முடித்தாள்.

நரியார் மட்டும் புதருக்குள் பதுங்கியிருந்தார். அவ்வளவு பேசிய வாயோடு வரிசையில் எப்படி நிற்பது? கூட்டம் கலைந்ததும் குட்டியோடு வந்தார்.

"திறந்தது தீந்துபோச்சுண்ணே. புதுக் குப்பி ஒண்ணு இருக்கு."

"அதைத் திறங்களேன்."

"இன்னும் ஒன்பது குட்டி வேணுமே."

நரியார் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு குட்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கரடி வீட்டுப் பக்கமாக ரகசியம் சொல்ல நடந்தார்.

நீதி: நல்லதை ஊர் கூட்டிச் சொல்லாதே, ஒருவரும் வரமாட்டார். உனக்கில்லை என்று சொல், வரிசை தானாக நிற்கும்.