டைப்பிஸ்ட் வராத கோர்ட்டில் நான் போட்ட சத்தம்

நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. (கல்யாணப் பந்தியில் ரசம் என் இலையைத் தாண்டிப் போனாலும் கேட்க மாட்டேன்.) அப்படிப்பட்ட நான் ஒரு கோர்ட்டையே அதட்டினேன் என்றால், குற்றம் என் மேல் மட்டும் இல்லை.

என் புஞ்சைக்குப் போகும் வண்டிப் பாதையைப் பக்கத்துப் புஞ்சைக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். மழை பெய்தால் கரிசல் முழங்கால் வரை இழுக்கும். அதில் உர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றிப் போக வேண்டும். வழக்குப் போட்டேன். கோர்ட் கட்டணம் என்று ஸ்டாம்பு வாங்கி ஒட்டினேன். என் புத்திக்கு அது பஸ் டிக்கெட் மாதிரி. டிக்கெட் எடுத்தாச்சு, இனி வண்டியோட்ட ஆள் வைப்பது அவர்கள் பாடு.

ஆள்தான் இல்லை! சாட்சி சொல்வதை டைப் அடிக்கிற வேலை காலியாகவே கிடந்தது. வேறொரு கோர்ட்டிலிருந்து இரவலுக்கு ஒரு அம்மா வந்தால் விசாரணை, வராவிட்டால் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோவில்பட்டியில் எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் பதில்களை முணுமுணுத்தபடி போவேன். வாயே திறக்காமல் திரும்புவேன். புதுச் சட்டையின் காலர் நைந்துபோனது. விதைப்பும் நெருங்கிவிட்டது.

அன்றும் நீதிபதி அம்மா, "டைப்பிஸ்ட் வரலை. அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார்.

எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ!

"அப்ப நான் ஒட்டுன ஸ்டாம்பைப் பிச்சுக் குடுங்கம்மா!"

என் வக்கீல் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். "அண்ணாச்சி, உக்காருங்க! உள்ள தூக்கி வச்சிருவாங்க."

"வைக்கட்டும் தம்பி! கேக்கதுக்குத் துட்டு வாங்குதீங்க, கேட்டதை எழுத ஒரு ஆள் வைக்க மாட்டியளா? அந்தத் துட்டு எங்கனதான் போகுது?"

"கஜானாவுக்குப் போகுது. ஆள் வேணும்னு நானும் எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்ற நீதிபதி அம்மா, பேனா மூடியைக் கழற்றினார். "கூண்டுல ஏறுங்க. இன்னிக்கு நானே கையால எழுதுறேன்."

ஜெயித்துவிட்டேன்! மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன்.

எதிர்த் தரப்பு வக்கீல் ரொம்பச் சாதுவாகக் கேட்டார். "அந்தப் பாதை உங்க புஞ்சைக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

பேனா எனக்காகக் காத்திருந்தது. மொத்தக் கோர்ட்டும் என் வாயையே பார்த்தது. கடைசியில் கையை நீட்டி, ஜன்னல் பக்கம் காட்டினேன்.

"கையைக் காட்டினா நான் என்னன்னு எழுத?" என்றார் நீதிபதி அம்மா.

வேறு கேள்விகளும் வந்தன. நான் வேர்த்தேன். அதை மட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது. 'சாட்சி பதில் சொல்லவில்லை' என்று நீதிபதி அம்மா எழுதி வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். வழக்கு தோற்றது. அப்பீல் போகலாமாம், அதற்கும் கட்டணம் உண்டாம்!

இன்றைக்கும் மூட்டையோடு சுற்றித்தான் போகிறேன். காலில் அப்பிய கரிசலோடு வீட்டுக்குள் நுழைந்து, "துட்டு வாங்குனா ஆள் வைக்கணுமா இல்லையா?" என்று கத்துவேன். அன்று கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி அடுப்படியிலிருந்தே சொல்வாள்:

"இருங்க, பேனா எடுத்துட்டு வாரேன். மெதுவாச் சொல்லுங்க."

அவ்வளவுதான். கால் கழுவப் போய்விடுவேன்.