பெத்ரோனா சித்தியின் மஞ்சள் இலைகள்

மினாஸ்
மார்ச் 2

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா நெலிதா அவர்களுக்கு,

தம்பி எபெர் அடக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கூரை நலம், சமையலறைக் குழாயும் ஏறக்குறைய நலம். அங்கே ரிவேராவில் தாங்களும், மகளும், புதிதாய் வந்திருக்கும் பேத்தியும் நலமாயிருக்க வேண்டும். பேத்திக்கு நம் அப்பாவின் மூக்கு வாய்த்திருப்பதாகப் போனில் சொன்னீர்கள். வளர வளர முகம் அதற்கு ஈடு கொடுத்துவிடும், கவலை வேண்டாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் என்றால் பாதியிலேயே கத்துவீர்கள். கடிதத்தில் கத்தினால் எனக்குக் கேட்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செடிகள் நன்றாக இருக்கின்றன. அதாவது, இப்போது. தாங்கள் அவசரப்பட்டுக் கிளம்பி வரத் தேவையே இல்லை. ஜனவரியில் பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஊருக்கே கேட்கும்படி, "தண்ணி மட்டும் ஊத்து, வேற எதுலயும் கை வெக்காதே!" என்று தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. சட்டப்படி உங்கள் பெயரில் பதிவாகி, நம் சித்திமார் பெயர் வைத்து, கொல்லையில் தொட்டிக்கு ஒன்றாய் நிற்கும் ஆறு கஞ்சாச் செடிகளும் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பூவை எண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு போட்டுச் செய்கிற களிம்பு இல்லாமல், போன குளிர்காலத்தில் விரல் மூட்டு வலியில் நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? ஊசியில் நூல் கோக்க முடியாமல், சட்டைப் பொத்தானை என்னிடம் நீட்டி, "நீயே போட்டு விடுடா" என்று சொன்னாயே, அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் அக்கா, கை வைத்தேன்.

நடந்தது இதுதான். நீ போன பத்தாம் நாள் பெத்ரோனா சித்தியின் அடி இலைகள் இரண்டு வெளுத்து மஞ்சளாகின. நாற்பது வருஷம் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். டாக்டரிடம் போக நேரமில்லாதவர்களெல்லாம் என்னிடம் நாக்கை நீட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கண்டால் சும்மா இருக்க முடியுமா? அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று எங்கோ படித்த ஞாபகம். கோழி எருவைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு கோப்பை போதும் என்று தெரிந்தும், பெத்ரோனா சித்திக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஆறு பேருக்கும் இரண்டிரண்டு கோப்பை ஊற்றினேன். ஐந்தே நாளில் இலை கருகரு என்று ஆகி, நுனி தீய்ந்து, பருந்து நகம் மாதிரி கீழே வளைந்துகொண்டது.

இதைத் தனியாகச் சமாளிக்க முடியாது என்று பக்கத்து வீட்டு சுல்மா டீச்சரைக் கூப்பிட்டேன். கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தேத் தேயிலை அடைத்த குடுவை, வாயில் உறிஞ்சு குழல் என்று சர்வ ஆயுதங்களோடு வந்தார். இலையை வெயிலில் பிடித்துப் பார்த்து, "நரம்பு பச்சையா இருக்கு, நடுவுல மஞ்சளா இருக்கு. இது மக்னீசியம்தான் எபெர். நாலாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார். மக்னீசியம் என்றால் பேதி உப்பு. நம் தொழில்! பெத்ரோனா சித்திக்கு இரண்டு கரண்டி பேதி உப்பு கொடுத்தேன். உயிரோடு இருந்தபோது அவருக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்று உனக்கே தெரியும்.

மறுநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த கசாப்புக் கடை தெல்மீரோ, "யோவ், துருப்பிடிச்ச மாதிரி புள்ளி விழுந்திருக்கே, கண்ணு தெரியலையா? சுண்ணாம்புச் சத்து இல்லய்யா! மாட்டுக்கே நான்தான் எலும்பு பார்க்கிறேன், செடிக்குப் பார்க்க மாட்டேனா?" என்று ஒரு பை எலும்புத்தூளோடு, அவரும் பிளாஸ்க்கோடு, வந்து இறங்கினார். எலும்புத்தூள் போட்டோம். சுல்மா விடவில்லை, இரும்புச் சத்துக்கு ஆணி புதைக்கச் சொன்னார். ஆணியும் புதைத்தோம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மூவரும் தொட்டிகளைச் சுற்றி நின்று, மாத்தேயைக் கை மாற்றிக்கொண்டு ஒவ்வோர் இலையாக விவாதிப்போம். உண்மையைச் சொன்னால் அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நாங்கள் பேசப் பேசச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. பிப்ரவரி நடுவில் ஒர்தென்சியா சித்தி அடியோடு வாடிப் போய்விட்டார். அக்கா, மன்னித்துவிடு. அன்றைக்கு நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். செடிக்காக அழவில்லை, உன் விரலுக்காக அழுதேன்.

கடைசியில் ரோஷத்தை விட்டு, கடைத்தெருவில் செடி வளர்ப்புச் சாமான்கள் விற்கும் யானினாவைக் கையோடு கூட்டி வந்தேன். முப்பது வயசிருக்கும், கழுத்தில் பூதக்கண்ணாடி, பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. என்னென்ன போட்டோம் என்று கேட்டு, விரல் விட்டு எண்ணி, விரல் போதாமல் நிறுத்திக்கொண்டாள். "இத்தனை மருந்தைத் தின்னா உங்களுக்கே இலை சுருண்டுடும் மாமா. ஆனா இது மட்டுமில்ல, வேற என்னமோ இருக்கு. மண்ணு ஏன் இப்படிச் சொதசொதன்னு கிடக்கு?" என்று அவள் குனிந்த நேரத்தில்தான் அது நடந்தது. தெல்மீரோ, "பாவம், இதுக்கு என்ன வந்துச்சோ" என்று மனசார உச்சுக்கொட்டிக்கொண்டே, தன் குடுவையைக் கவிழ்த்து, தொட்டி விளிம்பில் டொக் டொக்கென்று தட்டி, மாத்தேச் சக்கையைச் செடி மூட்டில் கொட்டினார். அதன்மேல் பிளாஸ்க்கில் மீந்திருந்த வெந்நீரையும் ஊற்றினார். ஆவி பறந்தது.

யானினா நிமிர்ந்து பார்த்தாள். "தினமும் இப்படித்தானா?"

"வீணாப் போகக் கூடாதில்ல, உரம்தானே?" என்றார் தெல்மீரோ.

"நானும் கொஞ்சம் கொட்டுவேன். ஆனா என் தண்ணி அவ்வளவு சூடில்ல" என்றார் சுல்மா.

நான் என் குடுவையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். ஏனென்றால் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று முக்கால்வாசி கொட்டியவன் நான்தான். யானினா விரலால் தோண்டினாள். நாலு விரல்கடை சக்கை! அடியில் பூஞ்சணம், மேலே குட்டி ஈக்கள். ஒரு சோதனைக் காகிதத்தை மண் தண்ணீரில் நனைத்து, நிறத்தைப் பார்த்து, "புளிச்சே போச்சு" என்றாள். "இதுங்களுக்குப் பசி இல்ல மாமா. வேரு மூச்சு முட்டிச் சாகுது. மண்ணு புளிச்சுட்டா நீங்க எதைக் கொட்டினாலும் வேரால எடுக்க முடியாது. அதான் எல்லாக் குறையும் ஒண்ணா தெரியுது. நீங்க மூணு பேரும் வைத்தியம் பார்க்க வந்து நின்னதுதான் வியாதியே!"

மூவரும் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி நின்றோம். சக்கையைக் கிண்டிக் கொட்டவென்று நீ சமையலறையில் தனி வாளி வைத்திருந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை நான் துடைப்பம் வைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு யானினா சொன்னபடியே செய்தேன். சக்கையை வழித்தெடுத்து, ஆணிகளைப் பொறுக்கி, வெறும் தண்ணீரை அடி ஓட்டை வழியாக ஓடும்வரை ஊற்றி, மண் காய விட்டேன். "தீஞ்ச இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்து ஏங்காதீங்க. புதுசா வர்ற இலையைப் பாருங்க. ரெண்டு வாரம் கையைப் பாக்கெட்ல வெச்சுக்கோங்க" என்றாள். வைத்துக்கொண்டேன் அக்கா. என் வாழ்க்கையில் நான் பார்த்த கஷ்டமான வேலை அதுதான். இப்போது ஐந்து சித்திமாரும் புது இலை விட்டு, மொட்டு கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். உன் குளிர்காலத்துக்கு ஐந்து தாராளம் என்று யானினா சத்தியம் செய்கிறாள். சாயங்காலக் கூட்டம் கலைந்துவிட்டது. சுல்மாவும் தெல்மீரோவும் வெட்கப்பட்டுக்கொண்டு இந்தப் பக்கமே வருவதில்லை.

ஆகவே தாங்கள் நிம்மதியாக அங்கேயே இருந்து, பேத்தியைக் கொஞ்சி, மகளுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டு, ஏப்ரல் அறுவடைக்கு வந்தால் போதும். நான் சமாளித்துக்கொள்வேன். மருமகனுக்கு என் அன்பு. பேத்தியின் அந்த மூக்கில் எனக்காக ஒரு முத்தம். எல்லாரையும் கடவுள் காப்பாற்றட்டும், என்னிடமிருந்தும் சேர்த்து.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள (இனிமேல்) தம்பி,
எபெர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் கொல்லைக்குப் போய், ஐந்து செடியிலும் புது இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு மஞ்சள், ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் போதும், "நிலைமை மோசம், உடனே வா" என்று எழுதிவிடலாம் என்றுதான் தேடினேன். இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. எல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. மேலே எங்கெல்லாம் வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் அடித்துவிட்டுப் படி. வீடு வெறிச்சென்று இருக்கிறது அக்கா. வியாழக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு.