நண்டு சாரும் என் மீசையும்

இந்த உலகத்தில் கரும்பலகையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கணக்குப் பாடம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் நண்டு சார்தான். நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று என் மனைவி சொல்வாள். இதில் கூட்டல் எதுவும் இல்லை. வேண்டுமானால் சதுரங்கப்பட்டினத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. அவர் அங்கே கணக்கு வாத்தியார், நான் இங்கிலீஷ் வாத்தியார். அவர் பலகையில் முதுகைச் சாய்த்தபடி பிள்ளைகளைப் பார்த்து நிற்பார். சாக்பீஸ் பிடித்த கையைத் தோளுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே எழுதுவார். எழுத எழுதப் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்வார். பலகையின் உச்சியில் ஆரம்பித்த சமன்பாடு சரிந்து சரிந்து டஸ்டர் வைக்கிற இடத்தில் வந்து முடியும். அவர் போடும் முக்கோணத்தைப் பார்த்தால் டீக்கடை சமோசாதான் ஞாபகம் வரும். இதற்காக வீட்டுச் சுவரில் இரண்டு மாதம் ராத்திரி பகலாகப் பழகியிருக்கிறார். "செவுரெல்லாம் கிறுக்கிக்கினு கீறாரே, இந்த மனுசனுக்கு யாராவது மந்திரிச்சு வுடுங்களேன்" என்று அவர் வீட்டம்மா எங்களிடமே வந்து முறையிட்டார்.

பழக்கம் யாரை விட்டது? வராந்தாவிலும் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தார். பஸ்ஸிலும் அப்படியே ஏறினார். "யோவ், நேரா ஏறுய்யா! பின்னால ஜனங்க நிக்குதில்ல" என்று கண்டக்டர் கத்துவார். பெயர் அப்படித்தான் வந்தது. அவருடைய அசல் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம்.

எல்லாம் ஷமீமா எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான். சதுரங்கப்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கும் காதர் பாயின் ஒரே மகள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. காதில் மிஷின் மாட்டியிருந்தாள். அதில் ஏதோ சத்தம் வரும், வார்த்தை வராது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பினால் அவளுக்கு அதோடு பாடம் முடிந்தது. இதை அவள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் நண்டு சார். பக்கத்துக்குப் பக்கம் பாதி வாக்கியத்தில் நின்றிருந்ததாம். நானும்தான் அந்த நோட்டைத் திருத்தினேன். 'கவனம் தேவை' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை நண்டு சார் மீசை இல்லாமல் வந்து நின்றார். நம் ஊரில் ஒரு மனிதன் திடீரென்று மீசையை எடுத்தால் என்ன அர்த்தம்? அவருடைய நைனாவுக்கு எண்பது வயது. ஸ்டாஃப் ரூமில் யாரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து பேர் மூன்று வண்டிகளில் ஒரு ரோஜா மாலையோடு அவர் வீட்டுக்குக் கிளம்பினோம். தமிழ் ஐயா தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீயில் பொறையை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பெரியவர்.

"வாங்க, வாங்க. இன்னா எல்லாரும் கூட்டமா? மாலை யாருக்கு?"

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தமிழ் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குத்தான் ஐயா. இன்னிக்கு உங்க பிறந்த நாளாமே" என்று மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார். பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "எனக்கே தெரியாதே! உள்ள எவனுமே சொல்லலியே!" என்று வீட்டாரைத் திட்ட ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு நண்டு சார் பக்கவாட்டில் வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், மீசை மேலொதட்ட மூடிகினு கீதுய்யா. அந்தப் பொண்ணு நான் சொல்றதுல பாதிய ஊகிச்சுகினு ஒக்காந்திருக்குது. அதான் எடுத்துட்டேன். இதுக்குப் போய் மாலையா?"

மறுநாள் முதல் எங்களையும் பிடித்துக்கொண்டார். அவளைப் பார்த்துப் பேசு, ஜன்னலுக்கு முன்னால் நிற்காதே, உன் மூஞ்சி இருட்டாகிவிடும், வாயில் எதையும் போட்டு மெல்லாதே. பஸ் தாமதமாகி ஒரு பிள்ளை நடுவில் வந்தால் அதற்காகப் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பது அவர் வழக்கம். மழைக்காலத்தில் ஒரே தேற்றம் ஒரு பீரியடில் மூன்று தடவை நடக்கும். மூன்றாவது தடவையில் வகுப்பின் கடைசி மக்குக்கும் அது புரிந்துவிடும். அதையும் எங்களைச் செய்யச் சொன்னார். கடைசியில் என் மீசைக்கு வந்தார்.

"யோவ் இங்கிலீஷு, கொஞ்சம் கத்திரிச்சிக்கோயேன்."

"வேற எது வேணா கேளுங்க சார். இதுல கை வெக்காதீங்க."

என் மீசை அப்படிப்பட்ட மீசை. பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார் என் சம்பளத்தைக்கூட அப்புறம்தான் கேட்டார். ஒரு பெண்ணுக்காக அதை எடுப்பதா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், இப்போது மறைத்து என்ன?

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் தலைமை ஆசிரியர் நண்டு சாரைக் கூப்பிட்டார். நான் அங்கே ஏதோ கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

"சார், நூத்துக்கு நூறு ரிசல்ட்டு காட்டிக்கினு வரோம். அந்தப் பொண்ண மெட்ராஸ்ல காது கேக்காதவங்க ஸ்கூல்ல சேத்துட்டா அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

"அவங்க அத்தா அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டாரு சார். இங்கேந்து போனா நேரா தையல் மிஷின்தான். படிப்பு அதோட காலி."

"பெயிலானா யார் பதில் சொல்றது?"

நண்டு சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். இந்த மாணவி பொதுத்தேர்வில் தவறினால் நானே இடமாறுதல் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அது கொரோனா அடங்கிப் பள்ளி திறந்த வருஷம். எல்லோருடைய வாயிலும் மாஸ்க். மீசையை எடுத்த மனிதரின் வாய்மேல் ஒரு துணி வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் பித்துப் பிடித்தவர் மாதிரி அலைந்தார். மூன்றாம் நாள், புதுச் சட்டை சுற்றி வரும் பாலிதீன் கவரை வெட்டி, மாஸ்க் நடுவில் ஜன்னல் வைத்துக் காதர் பாயிடம் தைத்துக்கொண்டு வந்தார். பேசினால் ஜன்னலில் ஆவி படிந்து மங்கியது. அதற்கு உள்பக்கம் சோப்பைத் தடவினார். அன்றைக்கு வட்டத்தின் பரப்பளவைச் சொல்லச் சொல்ல அவர் வாயிலிருந்து நுரை கிளம்பியது. வகுப்பே சிரித்துப் புரண்டது. ஷமீமா சிரித்த சத்தம் அடுத்த வகுப்பில் இருந்த எனக்குக் கேட்டது. அந்தப் பெண் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இனி சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன்.

நான் அவளுடைய வகுப்பாசிரியர். காது கேளாத பிள்ளைகளுக்குத் தேர்வில் சலுகை உண்டு. இங்கிலீஷ் தாளே எழுத வேண்டாம், மற்றத் தாள்களுக்குக் கூடுதல் நேரமும் கிடைக்கும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். "ஷமீமா, வெள்ளிக்கிழமைக்குள்ள சர்ட்டிபிகேட் கொண்டாந்துடு" என்று நான் வகுப்பில் சொன்னேன். அப்போது என் வாயில் மாஸ்க், மாஸ்க்குக்குள் மீசை. பலகையில் வினைச்சொல் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை போயிற்று. 'தெரிவிக்கப்பட்டது, சமர்ப்பிக்கவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். கடைசித் தேதி தாண்டிய பிறகுதான் நண்டு சாருக்கு விஷயம் தெரிந்தது. ஓடி வந்தார்.

"நான் சொன்னேன் சார். அவதான் கொண்டாரல."

"எங்க பாத்து சொன்ன?"

கேட்டுவிட்டு அப்படியே பஸ் பிடிக்க ஓடினார். செங்கல்பட்டுக் கல்வி அலுவலகத்துக்கும் பள்ளிக்குமாக ஒரு வாரம் அலைந்தார். தேதி முடிந்தது முடிந்ததுதான் என்றுவிட்டார்கள்.

தலைமை ஆசிரியர் காதர் பாயை வரவழைத்தார். ஷமீமாவும் அத்தாவுக்குப் பக்கத்தில் நின்றாள். "இது யாரு தப்பு?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர். நான் வாயைத் திறப்பதற்குள் (திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்) நண்டு சார் முந்திக்கொண்டார். "என் தப்புதான் பாய். நான் ஞாபகமா கேட்டு வாங்கியிருக்கணும். மறந்துட்டேன்." பாய் சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் மாஸ்க்கை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

ஷமீமா கணக்கில் வகுப்பில் இரண்டாவது. இங்கிலீஷில் நாலு மார்க்கில் போயிற்று. நண்டு சார் எழுதிக் கொடுத்தபடியே மாறுதல் கேட்டுச் செய்யூர்ப் பக்கம் போய்விட்டார். ஷமீமா தையல் மிஷினில் உட்கார்ந்தாள். மறுதேர்வுக்கு அனுப்பப் பாய்க்கு மனசில்லை. "போதும் சார், புள்ள அழுவுறத ஒரு தடவ பாத்தாச்சு" என்றார்.

நண்டு சார் விடவில்லை. செய்யூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து, கடையில் ஒரு சட்டைத் துணியை நீட்டுவார். பாய் அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டே, "பொண்ண எப்ப பரீட்சைக்கு அனுப்பப் போறீங்க?" என்று ஆரம்பிப்பார். அளவு எடுத்து முடிகிறவரை பாய் ஓட முடியாது அல்லவா! பதினோராவது சட்டையில் பாய் நாடாவைக் கீழே போட்டார். "சார், உங்களுக்கு இனிமே தெக்க முடியாது. எம் பொண்ணுக்குச் சொல்லிக் குடுங்க, போங்க."

நண்டு சாரின் இங்கிலீஷ் பயங்கரமானது. அதை வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்து மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்வார். பழைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் இங்கிலீஷ் வாத்தியார். அந்தக் கடை என் வீட்டிலிருந்து இருபது நிமிஷ பஸ் தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் போகவில்லை. அவள் அடுத்த தடவை தேறினாள். இப்போது செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறாள்.

போன ஐப்பசியில் நண்டு சார் இறந்துபோனார். மாரடைப்பு. மறுநாள் காலை மழை விட்டிருந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஷாமியானாவுக்குக் கீழே காதர் பாயும் ஷமீமாவும் நின்றிருந்தார்கள். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் முன்னால் போய் நின்றேன்.

"அந்த சர்ட்டிபிகேட்டு விஷயம்மா. நான் போர்ட பாத்துகினு சொல்லிட்டேன். தப்பு என்னுது, சார் மேல ஒண்ணுமில்ல." எல்லாவற்றையும் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். நிமிர்ந்தால் அவள் குனிந்து குனிந்து என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கீழ பாத்துகினு இன்னாவோ சொல்றீங்க சார். எனக்கு எப்டி தெரியும்? இப்டி வெளிச்சத்துக்கு வாங்க."

முழங்கையைப் பிடித்து வெயிலுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவள் என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இத்தனை கவனமாக ஒருவர் கேட்க நான் பேசியதே இல்லை.

"அன்னிக்கே தெரியும் சார்" என்றாள். "அவருக்குப் பொய் சொல்ல வராது. 'மறந்துட்டேன்'னு சொல்லும்போதே மூஞ்சில தெரிஞ்சிச்சு."

"பின்ன ஏம்மா இத்தினி நாளு கேக்கல?"

"அவர்தான் கேக்காதன்னாரு. 'இங்கிலீஷு நல்லவன்தாம்மா, என்னிக்காவது அவனே வந்து சொல்வான், பாரு'ன்னாரு."

உள்ளே போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் சார் என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.