தொண்ணூற்று நாலு மார்க்குத் தூக்கம்

முத்திருளன் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மனைவியையும் பார்க்கவில்லை. இடது மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தான். பார்த்த கண்ணை மறுபடியும் மூடிக்கொண்டான்.

"எம்புட்டு?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

"நாப்பத்திரண்டு."

"முப்பத்தஞ்சுக்கு மேலன்னா பாஸுதான. எந்திரிச்சுத் தண்ணியப் பிடிங்க, குழாய்ல நின்னுறப் போவுது."

பள்ளிக்கூடமாக இருந்தால் பாஸ்தான். அவன் வேலை பார்க்கும் சந்திரோதயம் அப்பளக் கம்பெனியில் எண்பதுக்குக் கீழே எடுத்தால் பெயில். அப்படி எடுத்தவர்களுக்கு அங்கே 'சார்ஜ் ஏறாதவர்கள்' என்று பெயர். பெயர் வைத்தவர் எம்.டி. வெங்கடேஷ்பாபு. மதுரையில் மூன்று தலைமுறையாக அப்பளத் தொழில் செய்யும் குடும்பம் அது. தாத்தா அப்பளம் போட்டார். அப்பா அப்பளம் விற்றார். இவர் அப்பளத்தைப் பற்றிப் பேசினார். சித்திரை மாதம் பெங்களூரில் ஏதோ நட்சத்திர ஹோட்டலில் நடந்த தலைமைப் பண்புப் பயிலரங்கத்துக்குப் போய்வந்த பிறகு அதையும் விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

உலகத்தை ஆள்கிறவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறவர்கள் என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்களாம். ராத்திரி இரண்டு மணிக்குச் சுடச்சுட இட்லி கிடைக்கும் ஊர்க்காரருக்கு அது பெரிய ஞானமாகப் பட்டிருக்கிறது. திரும்பி வந்த கையோடு, அலுவலகத்தில் நாற்காலி உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வாட்ச் கொடுத்தார். மணி பார்ப்பதற்கு அல்ல. ராத்திரி முழுக்க அது நம்மைப் பார்க்கும். எத்தனை தடவை புரண்டோம், எவ்வளவு நேரம் அசந்தோம், நெஞ்சு எப்படி அடித்தது என்று வேவு பார்த்து, விடிந்ததும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கு போடும். அதோடு நிற்காமல் அந்த மார்க்கை நேரே கம்பெனிக்கும் அனுப்பிவிடும். மாமியார்கூட இத்தனை வேகமாகச் சேதி சொல்ல மாட்டாள்.

தினமும் காலையில் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் முதல் தகவல் எம்.டி.யின் மார்க்குதான். தொண்ணூற்று நாலு. அதன் கீழே ஒரு பொன்மொழி: 'சிங்கம் தூங்குவதால்தான் சிங்கமாக இருக்கிறது.' அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அடுத்தது ஹெச்.ஆர். இந்துப்ரியாவின் மார்க்கு. தொண்ணூற்று மூன்று. எம்.டி. தொண்ணூற்று ஆறு எடுத்த அன்று அந்த அம்மாள் தொண்ணூற்று ஐந்து. தூக்கத்தில்கூட முதலாளிக்கு ஒரு மார்க்கு விட்டுக்கொடுக்கிற பண்பை எண்ணி அலுவலகமே வியந்தது.

முத்திருளன் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். அப்பளக் கட்டு நொறுங்காமல் நாகர்கோவில் வரைக்கும் போய்ச் சேர என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் தெரிந்தவன். திண்டுக்கல்லில் புதிதாகத் திறக்கும் டிப்போவுக்கு அவனைத்தான் மேலாளராகப் போடுவது என்று முடிவாகியிருந்தது. ஆனால் ஆடி மாதம். சிங்கத்தைப் பற்றியும் ஆழ்ந்த உறக்கத்தைப் பற்றியும் எவ்வளவு பேசினாலும், ஆடியில் ஆர்டரில் கையெழுத்துப் போட வெங்கடேஷ்பாபுவுக்குத் துணிச்சல் கிடையாது. ஆவணி பிறக்கட்டும் என்றார். பிறப்பதற்குள் மூன்று ராத்திரியாவது எண்பதைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். ராத்திரி தன்னையே ரெக்கவர் செய்துகொள்ளாதவன் பகலில் ஒரு டிப்போவை எப்படி ரெக்கவர் செய்வான் என்று கேட்டார். கேள்வி யாருக்கும் விளங்கவில்லை. அதனால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆர்டர் தள்ளிப்போனது முத்திருளனுக்குத்தான் தெரியும். ஊருக்குத் தெரியாது. அலங்காநல்லூருக்கு வடக்கே அவனது ஊர். அடுத்தவர் வயலில் கதிர் அறுத்தே தலைமுறைகளைக் கழித்த தெரு. அந்தத் தெருவிலிருந்து ஒருவன் மேலாளர் ஆகிறான் என்று காதில் விழுந்த மறுநாளே, முனீஸ்வரியின் அண்ணன் சிவபாண்டி பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் வைத்துவிட்டான். இடது பக்கம் சீறிப் பாயும் காளை, வலது பக்கம் தெருவிலுள்ள ஆண்கள் அத்தனை பேரின் கண்ணாடி போட்ட முகம், நடுவில் கோட்டு சூட்டில் முத்திருளன். 'திண்டுக்கல்லைத் திணறடிக்க வரும் மேலாளரே!' கோட்டு யாருடையது என்று முத்திருளனுக்குத் தெரியாது. கழுத்துக்கு மேலேதான் அவன்.

"இன்னும் ஆர்டரே வரல மச்சான்" என்று பதறினான்.

"ஆர்டர் வந்துட்டா ஊருக்கே தானா தெரிஞ்சிரும். பெறகு பிளக்ஸ் எதுக்கு மாப்ள?" என்றான் சிவபாண்டி.

இனி அந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டி அவன் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமென்றால் எண்பது மார்க்குக்குத் தூங்கியாக வேண்டும்.

முதலில் இந்துப்ரியாவிடம் போய் நின்றான். அவள் ஆதரவாகச் சிரித்து, தூக்க ஒழுக்கம் என்று ஒரு வகுப்பே எடுத்தாள். பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கூடாது. டீ கூடாது. செல்போன் கூடாது. அறை குகை மாதிரி இருட்டாக இருக்க வேண்டும். இத்தனையும் தான் கடைப்பிடிப்பதாகச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு முனிவரின் சாந்தம் இருந்தது.

அன்றைக்குப் பார்த்து முனீஸ்வரி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். வேண்டாம் என்றான். அவள் இரண்டு தரம் கேட்டாள், மூன்றாம் தரம் கேட்கவில்லை. மூடியை மட்டும் சத்தமாகப் போட்டாள். ராத்திரி முழுக்க வயிறு ஒரு பக்கம் இரைந்தது, குழம்பு வாசனை ஒரு பக்கம் இழுத்தது. ஜன்னலை அடைத்துப் போட்ட போர்வையால் ஆடிக் காற்றும் உள்ளே வரவில்லை. காலையில் முப்பத்தெட்டு. 'உங்கள் உடல் எதையோ நினைத்துக் கவலைப்படுகிறது' என்று வாட்ச் எழுதிக் காட்டியது. இதைச் சொல்ல வாட்ச் எதற்கு என்று முத்திருளனுக்குத் தோன்றியது. ஆனால் கம்பெனி வாட்ச் என்பதால் கோபப்பட முடியவில்லை.

அடுத்ததாக, தனியாகப் படுக்கலாம் என்று முடிவெடுத்தான். பக்கத்தில் ஆள் புரண்டால் மார்க்கு குறையும் என்று இந்துப்ரியா சொல்லியிருந்தாள். இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று பகல் முழுக்க யோசித்தவன், யோசித்த எதையும் சொல்லாமல், "நீ புரள்றதுலதான் எனக்கு மார்க்கு போகுதாம்" என்று போட்டு உடைத்தான்.

"யாரு சொன்னா?"

"ஹெச்.ஆர். மேடம்."

முனீஸ்வரி பையில் துணியை எடுத்து வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வாயைத் திறந்தாள்.

"எங்கண்ணே வீட்டுக்குப் போறேன். நீங்க அந்த வாச்சோடயே குடும்பம் நடத்துங்க. அது மார்க்கு மட்டுந்தான் போடும், சோறு போடாது."

கட்டில் முழுக்க அவனுக்கே. கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத இடம். அந்த இடத்தில் இப்படியும் அப்படியுமாக உருண்டதில் முப்பத்தொன்று வந்தது. முனீஸ்வரியின் கணக்குப்படி பார்த்தாலும் இப்போது பெயில்.

தங்கை பையோடு வந்து நின்றால் அண்ணன்காரன் சும்மா இருப்பானா? சிவபாண்டி மறுநாள் சாயந்திரமே வந்துவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டிய விதத்தில் நியாயம் கேட்க வந்தவன் என்று தெரிந்தது. முத்திருளன் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினான். தூக்கம் இல்லாவிட்டால் திண்டுக்கல் இல்லை, திண்டுக்கல் இல்லாவிட்டால் பிளக்ஸ் நாறிப்போகும் என்று கேட்டதும் சிவபாண்டி மடித்த வேட்டியை இறக்கிவிட்டான். பிளக்ஸில் அவன் முகமும் இருந்தது.

"இப்ப என்ன மாப்ள செய்யணும்?"

முத்திருளன் மெல்ல இழுத்தான். காளியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர்களில் ஒன்று நேராக அவன் ஜன்னலைப் பார்த்து நின்றது. சிவபாண்டி விழாக் கமிட்டியில் இருப்பவன். ராத்திரி மட்டும் கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் புண்ணியமாகப் போகும் என்றான்.

சிவபாண்டி கமிட்டியில் பேசினான். கமிட்டி கலந்து ஆலோசித்தது. ஆத்தாளுக்கு எடுக்கிற விழாவில் சத்தத்தைக் குறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே சமயம், ஊருக்குப் பெருமை தேடித் தரப்போகிற மேலாளர் கேட்டு ஒன்றும் செய்யாமலும் இருக்க முடியாது. நியாயமான ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருட்டியதும் மைக்கில் அறிவிப்பு வந்தது.

"நமது ஊரின் மேலாளர் உயர்திரு முத்திருளன் அவர்களுக்கு நல்லபடியாகத் தூக்கம் வர வேண்டி, மச்சான் சிவபாண்டி உபயத்தில் அம்மனுக்குச் சிறப்பு அபிஷேகம் நடைபெறுகிறது. ஊர்ப் பொதுமக்கள் அனைவரும் கலந்துகொண்டு மேலாளரைத் தூங்க வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஒரு பாட்டு, ஒரு அறிவிப்பு, ஒரு பாட்டு, ஒரு அறிவிப்பு. விடிய விடிய ஓடியது. அறிவிப்பு சரியாகக் கேட்க வேண்டுமே என்று, அவன் ஜன்னலைப் பார்த்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாழ்த்தியும் கட்டியிருந்தார்கள். ஊர்ச்சனம் அக்கறையாக வீட்டுக்கு வந்து போனது. காத்துக் கருப்பாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். கடனாக இருக்கும் என்று ஒருவர். பொண்டாட்டி ஏன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டு, அதுதான் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டு போனார் இன்னொருவர். காலையில் இருபத்தாறு.

இது ஊரோடு போயிருந்தால் பரவாயில்லை. சிவபாண்டி அபிஷேகத்தைப் படம் பிடித்து, அறிவிப்போடு சேர்த்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்தான். அங்கிருந்து அது கைமாறிக் கைமாறிச் சிங்கத்தின் பொன்மொழிக்குக் கீழே, கம்பெனி குழுவிலேயே வந்து விழுந்தது.

எம்.டி. அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். முத்திருளன் போய் நின்றபோது அவர் கண்ணை மூடி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மதிய வேளைகளில் அவர் அப்படித் தியானத்தில் இருப்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் எழுப்புவதில்லை. முத்திருளனும் நின்றான். வெகுநேரம் கழித்து, சிவந்த கண்ணைத் திறந்து, காபி ஒன்று சொல்லி, அதைக் குடித்து முடித்த பிறகுதான் எம்.டி. பேச ஆரம்பித்தார்.

"வாட்ச் என்ன சாமியா முத்திருளன், அபிஷேகம் பண்ணா மார்க்கு போடறதுக்கு? அது சயின்ஸ்."

"ஆமாங்க சார்."

"நான் தொண்ணூத்தி நாலு எடுக்கறேன். எப்படி? டிசிப்ளின். அப்புறம், மனசுல கள்ளம் இல்ல. கள்ளம் இல்லாதவனுக்குத்தான் டீப் ஸ்லீப் வரும். உங்க மார்க்கைப் பாத்தா எனக்கு உங்க கேரக்டர் மேலயே டவுட் வருது."

அப்பளக் கட்டு ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத முத்திருளனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவணி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருப்பதாகவும், அதற்குள் எண்பதைத் தொடாவிட்டால் திண்டுக்கல்லுக்கு வேறு ஆள் பார்த்துவிடுவதாகவும் எம்.டி. சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் தியானத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்த முத்திருளன் காயப்போட்ட அப்பளங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றான். அப்போதுதான் அவனுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, கள்ளம் புகுந்தது. மார்க்கு போடுவது வாட்ச். வாட்சுக்கு வேண்டியது ஒரு கை. அது முத்திருளனின் கைதானா என்று அதற்கு எப்படித் தெரியும்?

யார் கை என்பதில் அவனுக்கு யோசனையே இருக்கவில்லை. கம்பெனி டிரைவர் தமிழ்மாறன். ராத்திரி கார் ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறவன். தலைமாட்டில் ஜெனரேட்டர் ஓடினால் தாலாட்டு என்று நினைத்துக்கொள்வான். ஒருதரம் பட்டப்பகலில் திடீர் மழை பிடித்து, கம்பெனி மொத்தமும் கூச்சல் போட்டுக்கொண்டு அப்பளத்தை அள்ளி ஓடியபோது, களத்து ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த அவன் நனைந்தபடியே மறுபக்கம் திரும்பிப் படுத்தான். அப்படிப்பட்ட தூக்கத்துக்கு நூற்றுக்கு நூறே போடலாம்.

எம்.டி.யை வீட்டில் இறக்கிவிட்டு வந்து தமிழ்மாறன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். முத்திருளன் வடையும் டீயுமாகப் போய்ச் சேர்ந்தான். மழையைப் பற்றிப் பேசினான். டயரைப் பற்றிப் பேசினான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளை விசாரித்தான். வடை தீர்ந்து, பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு, வாட்சைக் கழற்றி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு சொன்னான்.

"தம்பி, இத ராத்திரிக்கு மட்டும் ஒங்கையில கட்டிக்கிட்டுப் படுக்கணும். விடிஞ்சதும் நான் வந்து வாங்கிக்கிருவேன். வெளிய தெரிஞ்சா என் பொழப்பு போயிரும்யா."

தமிழ்மாறன் வாட்சையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். காட்டிக்கொடுத்துவிடுவானோ என்று முத்திருளன் பயந்தான். பஸ் ஸ்டாப் பிளக்ஸைப் பற்றிச் சொன்னான். அண்ணன் வீட்டில் இருக்கிற முனீஸ்வரியைப் பற்றிச் சொன்னான்.

தமிழ்மாறன் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முழுக்கைச் சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கை வரை சுருட்டிக் காட்டினான்.

"கையில எடமில்லண்ணே. இடது கை மொதலாளியோடது, வலது கை இந்துப்ரியா மேடத்தோடது. இடது காலுக்கு அக்கவுண்டன்ட் சாரு சொல்லி வச்சிருக்காரு. வலது காலுதான் சும்மா கெடக்கு, கட்டி விட்டுட்டுப் போங்க."